கடையின் பதிவு நாட்டை இந்தியாவிலிருந்து கனடாவுக்கு மாற்றுதல்: முகவரியை மாற்றினால் போதுமா?

கேள்வி: கரூர் விரிப்பு

அனைவருக்கும் வணக்கம். கரூரில் நெய்த மேசைவிரிப்பு, சமையலறைத் துண்டு, தலையணை உறை ஆகியவற்றை ஷாப்பிஃபை என்னும் இணையக் கடைத் தளத்தில் ஒரு கடை வைத்து விற்று வருகிறேன். என் பெயரில் நடக்கும் தனியாள் வணிகம் என்பதால் ஜிஎஸ்டி எண், ஏற்றுமதிக்கான ஐஇசி எண், வங்கியின் நடப்புக் கணக்கு எல்லாமே என் பான் எண்ணோடு இணைந்தவை. வாங்குவோரில் பெரும்பாலோர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். உள்நாட்டு விற்பனை தீபாவளி, பொங்கல் சமயத்தில் மட்டும் கொஞ்சம் சூடுபிடிக்கும்.

எங்கள் குடும்பத்துக்குக் கனடாவில் நிரந்தரமாகத் தங்குவதற்கான அனுமதி கிடைத்துவிட்டது. விரைவில் டொராண்டோ பக்கம் குடியேறப் போகிறோம். தறிக்காரர்களும் கிடங்கும் கரூரிலேயே இருப்பார்கள். பார்சல் கட்டி அனுப்பும் வேலையை என் கொழுந்தனார் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

கடையின் நாட்டைக் கனடாவாக மாற்ற விரும்புவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஷாப்பிஃபையின் சொந்தக் கட்டணச் சேவையான ஷாப்பிஃபை பேமெண்ட்ஸ் இந்தியாவில் இல்லாததால், வாடிக்கையாளரிடம் பணத்தை வாங்கித் தரும் வெளி கேட்வே எடுக்கும் கமிஷன் போக, ஒவ்வொரு விற்பனைக்கும் ஷாப்பிஃபைக்குத் தனியாக 2 விழுக்காடு கட்ட வேண்டியிருக்கிறது. நான் பேசிக் திட்டத்தில் இருக்கிறேன். அடுத்தது, ரூபாயில் விலை பார்க்கும் வெளிநாட்டு வாடிக்கையாளர் பலர் பணம் கட்டும் பக்கம் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறார்கள்.

செட்டிங்ஸில் கடை முகவரியைத் திறந்து பார்த்தேன். நாட்டின் பெயரை மாற்றிச் சேமிக்க அது எந்தத் தடையும் சொல்லவில்லை. அவ்வளவு எளிதாக இருப்பதே எனக்குப் பயமாக இருக்கிறது. டொமைன், பழைய ஆர்டர்கள், வாடிக்கையாளர் எழுதிய மதிப்புரைகள், கூகுள் தேடலில் கிடைத்திருக்கும் இடம் ஆகியவற்றை இழக்காமல் மாற்ற வழி உண்டா? இங்குள்ள ஜிஎஸ்டி பதிவை உடனே ரத்து செய்துவிட வேண்டுமா? போகும்போது பெட்டியில் கொஞ்சம் சரக்கையும் எடுத்துச் சென்று அங்கிருந்தே அனுப்பலாமா? விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: கடைநிரலர்

வணக்கம் சகோதரி. இணையக் கடைகளை அமைத்துக் கொடுப்பது என் தொழில் என்பதால் மென்பொருள் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். வரியைப் பற்றி இங்கே என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள்.

கடைக்கு நாடு என்று ஒன்றே ஒன்று இருப்பதாக நினைத்துக்கொண்டு இந்த வேலையில் இறங்காதீர்கள். செட்டிங்ஸில் நீங்கள் பார்த்த முகவரி ஒன்று. பணம் வாங்கும் கணக்கு எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறது என்பது வேறொன்று. விற்பவர் எந்த நாட்டுச் சட்டத்தின்கீழ் வணிகம் செய்கிறார், சரக்கு எங்கிருந்து புறப்படுகிறது என்பவை இன்னும் இரண்டு. இவற்றில் முதலாவதை மாற்ற ஒரு நிமிடம் போதும். மற்றவை தத்தம் வேகத்தில்தான் நகரும். பணக் கணக்கோ நகரவே நகராது. பழையதை அங்கேயே விட்டுவிட்டுப் புதிதாகத்தான் திறக்க வேண்டும்.

இணையத்தில் பணம் வாங்கித் தரும் ஸ்ட்ரைப் சேவையில் கணக்கைத் திறந்து செயல்படுத்திய பிறகு அதன் நாட்டை மாற்ற முடியாது. பேபாலிலும் அப்படித்தான்: இந்தியக் கணக்கைக் கனடாக் கணக்காக்க வழியில்லை. ஒரே மின்னஞ்சல் முகவரியை இரண்டு பேபால் கணக்குகளில் வைத்திருக்கவும் முடியாது என்பதால், கடையின் மின்னஞ்சலையே புதிய கணக்கிலும் பயன்படுத்த விரும்பினால் முதலில் அதைப் பழைய கணக்கிலிருந்து நீக்கியாக வேண்டும். ரேசர்பே போன்ற இந்திய கேட்வேக்கள் உங்கள் பான் எண்ணையும் இந்திய வங்கிக் கணக்கையும் ஆதாரமாகக் கொண்டவை. அவற்றைக் கனடாவுக்கு எடுத்துச் செல்லும் பேச்சுக்கே இடமில்லை. ஷாப்பிஃபை பேமெண்ட்ஸைப் பொறுத்தவரை, கனடாவில் வங்கிக் கணக்கும் அந்நாட்டு முகவரியும் அடையாளச் சான்றும் கைக்கு வந்த பிறகுதான் விண்ணப்பிக்க வேண்டும். விமானம் ஏறுவதற்கு முன்பே முகவரியை மாற்றிவிட்டு, அங்கே இல்லாத வணிகத்தை இருப்பதாகக் காட்டி விண்ணப்பித்தால் சரிபார்ப்பில் நின்றுவிடும். அதற்குள் ஆர்டர்கள் வந்துவிட்டால் அந்தப் பணமும் சேர்ந்து முடங்கும்.

நாணயம்தான் உண்மையிலேயே கை வைக்கத் தயங்க வேண்டிய இடம். முதல் விற்பனை நடந்த பிறகு ஷாப்பிஃபையில் கடை நாணயத்தை நீங்களாக மாற்ற முடியாது. அவர்களுடைய உதவிப் பிரிவுக்கு எழுதிக் கேட்க வேண்டும். மாற்றித் தரும்போது விலைகளை அவர்கள் பெருக்கி வகுத்துத் தர மாட்டார்கள். எண் அப்படியே இருக்க, குறி மட்டும் மாறும். 1,450 ரூபாய் மேசைவிரிப்பு மறுநாள் காலையில் 1,450 டாலராக நிற்கும். ஆகவே பொருள் பட்டியலைச் சிஎஸ்வி என்னும் அட்டவணைக் கோப்பாக முன்கூட்டியே இறக்கி, விலைப் பத்தியில் புதிய விலைகளை நிரப்பித் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். நாணயம் மாறியதும் அதை ஏற்றி, எல்லாம் சரியாக இருப்பதைப் பார்க்கும் வரை கடையைக் கடவுச்சொல் போட்டு மூடியே வையுங்கள். தள்ளுபடிக் கூப்பன்களில் உள்ள தொகை, இலவச அஞ்சலுக்கான குறைந்தபட்சத் தொகை, கூரியர் கட்டண அட்டவணை ஆகியவற்றிலும் எண்கள் ஒளிந்திருக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் அஞ்சல் இலவசம் என்று வைத்திருந்தால், அது 2,000 டாலராக மாறி யாருக்கும் கிடைக்காமல் போகும். விற்ற பிறகு பயன்படுத்தப்படாமல் கிடக்கும் கிஃப்ட் கார்டுகள் இருந்தால் அவற்றையும் அதற்குள் தீர்த்துவிடுங்கள்.

மாற்றத்துக்கு முந்தைய நாள் வரையிலான ஆர்டர்கள், வாடிக்கையாளர் பட்டியல், வரி அறிக்கை எல்லாவற்றையும் இறக்கிக் கணினியில் வைத்துக்கொள்ள வேண்டும். பழைய ரூபாய் விற்பனையும் புதிய டாலர் விற்பனையும் ஒரே அறிக்கையில் கலந்து வந்த பிறகு அதைப் பிரித்துப் பார்ப்பது தணிக்கையாளருக்குத் தலைவலி.

டொமைன் உங்களுடையது, கடை எந்த நாட்டில் இருந்தாலும் அது மாறாது. டாட் காம் வைத்திருந்தால் அதையே தொடருங்கள். கனடாவின் டாட் சிஏ முகவரி வேண்டுமென்றால், அதை வாங்க அந்நாட்டோடு தொடர்பு இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. நிரந்தரமாகத் தங்கும் அனுமதி பெற்றவர்களுக்கு அந்தத் தகுதி இருக்கிறது. ஆனால் தேடலில் ஏறியிருக்கும் முகவரியை அதற்காக விட்டுக்கொடுப்பது வீண் என்பது என் கருத்து. கடையையும் மூடவில்லை, பக்கங்களின் இணைப்புகளையும் மாற்றவில்லை என்றால் மதிப்புரைகளும் தேடல் இடமும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

விளம்பரக் கணக்கு வேறு கதை. கூகுள் ஆட்ஸ் கணக்கின் நாணயத்தைப் பிறகு மாற்ற முடியாது. டாலரில் கட்ட வேண்டுமானால் புதுக் கணக்குத்தான். கூகுளுக்குப் பொருள் பட்டியலைக் கொடுக்கும் மெர்ச்சன்ட் சென்டரில் உள்ள முகவரி, கடையின் தொடர்புப் பக்கத்தில் உள்ள முகவரி, ரீஃபண்ட் விதிகளில் உள்ள முகவரி ஆகிய மூன்றும் ஒரே நாளில் ஒன்றாக மாற வேண்டும்.

கடைசியாக ஒன்று. பழைய கேட்வே கணக்குகளை மாற்றம் முடிந்த அன்றே மூடிவிடாதீர்கள். எந்த வழியில் பணம் வந்ததோ அந்த வழியில்தான் ரீஃபண்ட் போகும். அட்டைக்காரர் வங்கியில் புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்கும் சார்ஜ்பேக் என்ற ஏற்பாட்டுக்குப் பல வகைகளில் 120 நாள் வரை கெடு இருக்கிறது. அந்தக் காலம் கழியும் வரை பழைய கணக்கில் கொஞ்சம் இருப்பும் வைத்து, புதிய ஆர்டருக்கு மட்டும் அதை அடைத்து வையுங்கள்.

மறுமொழி: வரவு செலவு

மேலே உள்ள விளக்கம் தெளிவாக இருக்கிறது. இந்தியப் பக்கத்து நடைமுறையைச் சொல்கிறேன்.

சகோதரி, ஜிஎஸ்டி பதிவை உடனே ரத்து செய்வதைப் பற்றி யோசிப்பதற்கு முன், இந்தியாவில் வணிகம் நிற்கிறதா தொடர்கிறதா என்று முடிவு செய்யுங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது நிற்கவில்லை. துணி கரூரில் நெய்யப்படுகிறது, கரூரில் கிடங்கில் இருக்கிறது, கரூரிலிருந்து கப்பலிலோ விமானத்திலோ போகிறது. கடையின் முகப்பில் கனடா என்று எழுதிவிட்டதால் இந்தச் சரக்கு இந்திய ஏற்றுமதி என்ற நிலையிலிருந்து வெளியேறிவிடாது. யாராவது ஒருவர் பெயரில் ஐஇசி இருக்க வேண்டும், யாராவது ஒருவர் ஷிப்பிங் பில் என்ற சுங்க ஏற்றுமதி ஆவணத்தைப் போட வேண்டும், யாராவது ஒருவருடைய இந்திய வங்கிக் கணக்கில் அந்த ஏற்றுமதிக்கான அந்நியச் செலாவணி வந்து சேர வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதுதான் கேள்வியே.

அது நீங்களாகவே இருப்பதற்குத் தடையில்லை. வெளிநாடு வாழ் இந்தியர் ஒருவர் இந்தியாவில் தனியாள் வணிகம் நடத்தலாம். ஆனால் அதில் போட்ட முதலீட்டை வெளிநாட்டுக்குத் திருப்பி எடுத்துச் செல்லாத முறையில்தான் நடத்த வேண்டும் என்பது அந்நியச் செலாவணி விதி. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. வருமான வரிச் சட்டம் ஒருவர் இந்தியாவில் இருந்த நாட்களை எண்ணி, 182 நாள் போன்ற கணக்குகளை வைத்து அவர் இங்கே வசிப்பவரா என்று தீர்மானிக்கிறது. அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமா அப்படிப் பார்ப்பதில்லை. வேலைக்காகவோ வணிகத்துக்காகவோ காலவரையறை இல்லாமல் தங்கும் எண்ணத்தோடோ நாட்டை விட்டுப் புறப்பட்டால் அப்போதிலிருந்தே அவர் வெளிநாடு வாழ்பவராகிறார். ஆகவே வரி ஆண்டு முடியட்டும் என்று காத்திருக்காமல், புறப்படும் சமயத்திலேயே வங்கிக்குத் தெரிவித்து இங்குள்ள கணக்குகளை வெளிநாடு வாழ்பவருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். நடப்புக் கணக்கையும் இதில் மறக்கக் கூடாது. வீட்டுச் சேமிப்புக் கணக்கை மட்டும் மாற்றிவிட்டு வணிகக் கணக்கை அப்படியே விட்டுச் செல்பவர்கள் நிறைய.

கொழுந்தனார் பெயருக்கு மாற்றுவதானால், தனியாள் வணிகத்தில் உரிமையாளரின் பெயரை மட்டும் திருத்திவிட முடியாது. ஜிஎஸ்டி எண் பான் எண்ணின் மேல் கட்டப்பட்டது. அவர் தம் பான் எண்ணில் புதிய ஜிஎஸ்டி எண்ணும் புதிய ஐஇசியும் எடுக்க வேண்டும். வணிகத்தை முழுமையாக அவருக்கு மாற்றிக் கொடுத்தால், உங்கள் கணக்கில் மிச்சமிருக்கும் உள்ளீட்டு வரி வரவை, அதாவது சரக்கு வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளும் வரவை, ஐடிசி-02 படிவம் மூலம் அவர் கணக்குக்கு மாற்றலாம். அதை முடித்த பிறகுதான் ஆர்இஜி-16 படிவத்தில் உங்கள் பதிவை ரத்து செய்யக் கோர வேண்டும். வரிசை தலைகீழானால், கையிருப்புச் சரக்கின் மேல் எடுத்த வரவைத் திருப்பிக் கட்ட நேரும். ரத்தான பிறகு மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற இறுதிப் படிவம் தாக்கல் செய்ய வேண்டும் என்பது பலருக்கு அபராத அறிவிப்பு வந்த பிறகே தெரிய வருகிறது.

ஏற்றுமதி ஜிஎஸ்டியில் பூஜ்ய விகித வழங்கல், அதாவது அதற்கு வரி விகிதம் பூஜ்யம். வரி கட்டாமல் அனுப்ப எல்யூடி என்ற உறுதிப் பத்திரத்தை ஆண்டுதோறும் இணையதளத்தில் கொடுக்கிறீர்கள் அல்லவா, கொழுந்தனார் முதல் பார்சலை அனுப்புவதற்கு முன் அதை அவர் தம் எண்ணில் கொடுத்திருக்க வேண்டும். ஐஇசி விவரங்களையும் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் வரை சரிபார்த்துப் புதுப்பிக்க வேண்டும், மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும்.

போவதற்கு முன் வங்கியில் நேரில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இதுவரை நீங்கள் அனுப்பிய ஏற்றுமதிகளில் பணம் வந்தும் வங்கியின் கண்காணிப்புப் பதிவில் முடிக்கப்படாமல் கிடக்கும் ஷிப்பிங் பில்கள் இருக்கும். சிறு கூரியர் ஏற்றுமதியாளர்களிடம் இது மிக அதிகம், ஏனெனில் பேபால் பத்து ஆர்டரின் பணத்தை ஒன்றாகச் சேர்த்து அனுப்ப, எந்தப் பணம் எந்தப் பில்லுக்கு என்று யாரும் பொருத்திச் சொல்வதில்லை. அவற்றை ஒவ்வொன்றாக முடித்துவிட்டுப் போங்கள். டொராண்டோவிலிருந்து தொலைபேசியில் அந்த வேலை நடக்காது.

பயணத்துக்கான பட்டியலில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: வங்கி, ஜிஎஸ்டி தளம், ஐஇசி, வருமான வரித் தளம் என அனைத்துக்கும் ஓடிபி வரும் இந்தியக் கைப்பேசி எண்ணை ரோமிங் வசதியோடு உயிரோடு வைத்திருக்க வேண்டும். ரீசார்ஜ் செய்யாமல் விட்டு, எண் வேறொருவர் கைக்குப் போனால் அதன் பிறகு ஒவ்வொரு கதவும் அடைபடும்.

மறுமொழி: ஸ்கார்பரோ தமிழன்

வணக்கம். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் சிறு வணிகம் நடத்துபவன் என்ற முறையில் கனடாப் பக்கத்தைச் சொல்கிறேன்.

உங்கள் சொந்தச் சட்டப் பெயரிலேயே வணிகம் செய்தால் ஒன்டாரியோவில் வணிகப் பெயர்ப் பதிவு தேவையில்லை. கடைக்கு வேறு பெயர் இருந்தால் மாகாணத்தில் பதிய வேண்டும்; அந்தப் பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். வங்கியில் வணிகக் கணக்கு திறக்கும்போது அந்தப் பதிவுச் சான்றையே முதலில் கேட்பார்கள்.

விற்பனை வரியைப் பொறுத்தவரை, தொடர்ச்சியான நான்கு காலாண்டுகளில் வரிக்குரிய விற்றுமுதல் 30,000 கனடா டாலரைத் தாண்டாத வரை நீங்கள் சிறு வழங்குநர். கனடாவின் ஜிஎஸ்டி, அதோடு மாகாண வரியும் சேர்ந்த எச்எஸ்டி ஆகியவற்றுக்கான பதிவு கட்டாயமில்லை. இங்கே ஒரு மயக்கம் வரும். இந்த வரம்பைக் கணக்கிடும்போது கனடாவுக்குள் விற்றதை மட்டும் எண்ணினால் போதாது. உலகம் முழுவதும் செய்த வரிக்குரிய விற்பனை கணக்கில் வரும், பூஜ்ய விகிதத்தில் உள்ளதும் சேர்த்து. தாண்டிய பிறகு, ஒன்டாரியோ வாடிக்கையாளரிடம் 13 விழுக்காடு எச்எஸ்டியும், ஆல்பர்ட்டா வாடிக்கையாளரிடம் 5 விழுக்காடு ஜிஎஸ்டியும் வாங்க வேண்டும். எந்த விகிதம் என்பதைத் தீர்மானிப்பது வாங்குபவரின் மாகாணம், உங்கள் மாகாணமல்ல.

இந்தியாவில் விலைக்குள் வரியை அடக்கிப் போடுவது நமக்குப் பழக்கம். இங்கே போட்ட விலைக்கு மேல் பில் போடும்போது வரி சேரும். கடையின் வரிப் பகுதியில் விலையில் வரி அடங்கும் என்று இந்தியாவுக்காகப் போட்ட குறியை எடுக்க மறந்துவிட்டால், 40 டாலர் மேசைவிரிப்பில் நீங்கள் கட்ட வேண்டிய வரி உங்கள் கையிலிருந்தே போகும்.

பெட்டியில் சரக்கு கொண்டுவருவதை விட்டுவிடுங்கள். குடியேறி வருபவர் தம் வீட்டுப் பொருட்களைச் சுங்கம் இல்லாமல் கொண்டுவரத் தரும் சலுகை, அவர் ஏற்கெனவே வைத்திருந்து பயன்படுத்திய பொருளுக்கு உரியது. விற்பனைக்கான புதுத் துணி அதில் வராது; வணிக இறக்குமதியாகவே சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். அதற்கு வரி முகமையிடம் வணிக எண் வாங்கி, அதன்கீழ் இறக்குமதிக் கணக்கும் திறந்து, எல்லைச் சேவை முகமையின் கார்ம் என்னும் இணையதளத்தில் பதிந்துகொள்ள வேண்டும். 2024 அக்டோபர் முதல் இறக்குமதியாளர் எல்லோருக்கும் அந்தத் தளம்தான் வழி.

அடுத்து வருவது உங்கள் கணக்கையே புரட்டிப் போடக்கூடியது. சுங்க வரி கடை எங்கே பதிவாகியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. துணி எங்கே உருவானது என்றுதான் பார்க்கிறது. கனடா, அமெரிக்கா, மெக்சிகோ மூன்றுக்கும் இடையிலான வணிக ஒப்பந்தச் சலுகை, கனடாக் கடையில் விற்கப்படுகிறது என்பதற்காகக் கரூர் மேசைவிரிப்புக்குக் கிடைக்காது. வளரும் நாடுகளுக்கு இங்கே இருந்த பொதுச் சுங்கச் சலுகையும் இந்தியாவுக்கு 2015 ஜனவரியோடு நின்றுவிட்டது; தைத்து முடித்த வீட்டுத் துணிகள் பலவற்றுக்கு இங்குள்ள சுங்கம் 17, 18 விழுக்காட்டை ஒட்டி வரும். 800 டாலர் வரையிலான பார்சலுக்கு அமெரிக்கா கொடுத்து வந்த விலக்கும் 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டது. ஆகவே கரூரிலிருந்து ஒன்டாரியோவுக்குச் சரக்கை இறக்கி, இங்கே ஒரு முறை சுங்கம் கட்டி, பிறகு அதையே அமெரிக்க வாடிக்கையாளருக்கு அனுப்பி அங்கே மறுபடியும் சுங்கம் கட்ட வைப்பதில் எந்தப் பயனும் இல்லை. அமெரிக்க ஆர்டர் கரூரிலிருந்து நேராகவே போகட்டும். கனடா ஆர்டருக்கு மட்டும் இங்கே சிறு இருப்பு வைத்துக்கொள்ளலாம்.

இங்கே இருப்பு வைத்தால் லேபிள் பற்றியும் யோசிக்க வேண்டும். கனடாவில் விற்கும் வீட்டுத் துணியில் நூல் வகையின் விழுக்காட்டை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் காட்ட வேண்டும். விற்பவரின் பெயரும் முகவரியும், அல்லது அவற்றுக்குப் பதிலாக அரசு தரும் சிஏ எண்ணும் இருக்க வேண்டும். இந்த லேபிளைக் கரூரில் தைக்கும்போதே சேர்த்துத் தைத்தால் சில பைசாதான் ஆகும். இங்கே வந்து இறங்கிய துணியில் ஒவ்வொன்றாக ஒட்டிப் பாருங்கள், அப்போது தெரியும்.

மறுமொழி: கரூர் விரிப்பு

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரே நாளில் முடிக்கலாம் என்று நினைத்த வேலையின் உண்மையான அளவு இப்போதுதான் தெரிகிறது. பெட்டிச் சரக்குத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டேன்.

இரண்டு ஐயங்கள் மிச்சம் இருக்கின்றன. கொழுந்தனார் தம் பெயரில் பதிவுகளை எடுத்துக்கொண்டு ஏற்றுமதி செய்ய, கனடாவில் உள்ள என் கடை அவரிடமிருந்து வாங்கி விற்பதாக அமைத்தால், வாடிக்கையாளர் கனடாக் கடைக்குப் பணம் கட்ட, பார்சல் மட்டும் கரூரிலிருந்து நேராக அமெரிக்காவுக்குப் போகும். இது சட்டப்படி சரியா? இன்னொன்று: இருக்கும் கடையை மாற்றுவதைவிடக் கனடாவுக்கெனத் தனியாக ஒரு புதுக் கடை திறந்துவிட்டால் நாணயச் சிக்கலே இல்லையே என்று என் கணவர் கேட்கிறார். அதற்கு என்ன சொல்வது?

மறுமொழி: வரவு செலவு

முதல் கேள்விக்கு: சரிதான், தாள்கள் ஒன்றோடொன்று பொருந்தினால். கொழுந்தனார் உங்கள் கனடா வணிகத்தின் பெயருக்கு ஏற்றுமதி இன்வாய்ஸ் போட வேண்டும். சரக்குப் பெறுபவர் என்ற இடத்தில் அமெரிக்க வாடிக்கையாளரின் முகவரி வரும். வாங்குபவரும் பெறுபவரும் வேறு வேறு என்பது ஷிப்பிங் பில்லிலேயே தெரிய வேண்டும். இன்வாய்ஸில் உள்ள தொகை கனடாவிலிருந்து அவருடைய இந்தியக் கணக்குக்கு முழுதாக வந்து சேர வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை மொத்தமாக அனுப்பினாலும் எந்தெந்தப் பில்லுக்கு என்று பட்டியல் இணைத்து அனுப்புங்கள்; வங்கியில் பழைய பில்கள் தேங்கிய கதை அவருக்கும் வரக் கூடாது.

குடும்பத்துக்குள் நடக்கும் வணிகம் என்பதால் விலையை விருப்பம்போல் வைக்க முடியும் என்று எண்ண வேண்டாம். அடக்க விலைக்கே விற்று லாபம் முழுவதையும் கனடாவில் காட்டினால் இங்கும், அதற்கு நேர்மாறாகச் செய்தால் அங்கும் கேள்வி வரும். அவருக்கு நியாயமான லாபம் கிடைக்கும் ஒரு விலையை எழுத்தில் ஒப்பந்தமாகப் போட்டு, அதையே தொடர்ந்து கடைப்பிடியுங்கள். கனடாவில் வசிப்பவராகிவிட்ட பிறகு உலகின் எந்த மூலையில் வந்த வருமானத்தையும் அங்கே காட்ட வேண்டும். உங்கள் பெயரில் இந்திய வணிகம் தொடர்ந்தால் அந்த லாபத்துக்கு இங்கே கட்டிய வரியை இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின்கீழ் அங்கே கழித்துக்கொள்ளலாம் என்றாலும், இரு நாட்டிலும் படிவம் நிரப்பும் வேலை குறையாது. கொழுந்தனார் உண்மையிலேயே பொறுப்பெடுத்து நடத்தக்கூடியவர் என்றால், அவர் பெயரில் வைப்பதே உங்களுக்கு இலகு. வெறும் பெயருக்கு அவர், நடத்துவது நீங்கள் என்றால் செய்யாதீர்கள்.

மறுமொழி: கடைநிரலர்

இரண்டாவது கேள்விக்கு: ஐயா கேட்பது நியாயமானதே, புதிய நாட்டுக்குப் புதிய கடை என்று பொதுவாகவும் சொல்வார்கள். இந்திய விற்பனை உங்களுக்குப் பெரிதாக இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன்: பழைய கடை ரூபாயில் இந்தியாவுக்கு, புதியது டாலரில் வெளிநாட்டுக்கு. ஆனால் உங்கள் விற்பனை வெளிநாட்டில்தான். இரண்டு கடை என்றால் மாதச் சந்தாவும் இரண்டு, பொருள் பட்டியலும் இரண்டு, கிடங்கில் இருக்கும் ஒரே துண்டை இரு கடைகளும் ஒரே நேரத்தில் விற்றுவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலையும் சேரும். மதிப்புரைகளும் தேடல் இடமும் பழைய டொமைனில்தான் இருக்கின்றன. அதைப் புதுக் கடையோடு இணைத்தால் பழைய கடைக்கு வேறு டொமைன் தேட வேண்டும். எனவே இருக்கும் கடையையே மாற்றுங்கள். தீபாவளி விற்பனையைக் கொழுந்தனார் விருப்பப்பட்டால் வாட்ஸ்அப்பிலும் யூபிஐயிலும் தம் பெயரில் நடத்திக்கொள்ளட்டும்.

வரிசையாகச் சொல்வதென்றால், ஊரிலிருந்து புறப்படும் வரை கடையில் எதையும் தொடாதீர்கள். கொழுந்தனாரின் பதிவுகள் முதலில் முடியட்டும். கனடாவில் இறங்கி முகவரி, வணிகக் கணக்கு, வணிகப் பெயர்ப் பதிவு கிடைத்ததும் நாணய மாற்றத்துக்காக ஷாப்பிஃபைக்கு எழுதுங்கள். ஆர்டர் குறைவாக வரும் வாரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கையில் உள்ள ஆர்டர்களை எல்லாம் அனுப்பி முடித்து, கடையை மூடி, முகவரி, நாணயம், விலை, வரி, கட்டணச் சேவை என்ற வரிசையில் மாற்றுங்கள். திறப்பதற்கு முன் உங்கள் சொந்த அட்டையில் ஒரு துண்டு வாங்கி, பிறகு அதற்கு ரீஃபண்டும் கொடுத்துப் பாருங்கள்; பணம் போவதைப் போலவே திரும்பி வருவதும் ஒழுங்காக நடக்கிறதா என்று தெரிந்துவிடும். நவம்பரில் மட்டும் வேண்டாம். அமெரிக்கர்கள் நன்றி நாள் விருந்துக்கு மேசைவிரிப்பு வாங்குவது அந்த மாதத்தில்தான்.

மறுமொழி: ஸ்கார்பரோ தமிழன்

ஒரு சிறு சேர்க்கை. மின்னஞ்சல் பட்டியலுக்கு விளம்பரம் அனுப்பும் பழக்கம் இருந்தால், கனடாவின் வணிக மின்னஞ்சல் சட்டம் 2014 முதல் நடைமுறையில் இருக்கிறது என்பதைக் கவனத்தில் கொள்ளுங்கள். பெறுபவரின் ஒப்புதல் இருக்க வேண்டும், அனுப்புபவரின் அஞ்சல் முகவரி இருக்க வேண்டும், விலகும் வழியும் இருக்க வேண்டும். முகவரி மாறியதை அறிவித்து நீங்கள் அனுப்பப்போகும் மின்னஞ்சலிலேயே இந்த மூன்றையும் சரிசெய்துவிடலாம். சிஏ எண்ணுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கரூரில் அடுத்த தொகுதி லேபிள் அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன் அந்த எண் கையில் இருப்பது நல்லது.